எந்த ஓ.எஸ். நல்லது?

இந்தப் பேர்வழியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்து பெஞ்சில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மளமளவென்று ஓடுவதை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவர், ஏதோ பேங்க்கையே ஹேக் பண்ணுகிறான் போல என்று பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்காருவார். பயப்பட வேண்டாம். அவன் இன்ஸ்டால் செய்துகொண்டிருக்கிறான். போன வாரமும் இன்ஸ்டால்தான் செய்தான். அடுத்த வாரமும் அதைத்தான் செய்வான்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஆயத்தப் பேர்வழி. புரோகிராமிங் படிக்க வேண்டும், கணினிப் பாதுகாப்பு வேலைக்குப் போக வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறவன். ஆசையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் படிக்க உட்காருவதற்கு முன்னால் கணினியையே இயக்குகிற மென்பொருள், சரியான ஓ.எஸ். வேண்டாமா? அடித்தளம் சரியில்லாமல் வீடு கட்டலாமா? இப்படிக் கேட்டுக் கேட்டே அவன் ஒரு செங்கல்கூட வைத்ததில்லை. எனக்கு இவனை நன்றாகத் தெரியும். பெயர் ஆத்மநாதன். ஊர் அன்னவாசல். தினமும் காலையில் என் வீட்டுக் கண்ணாடியில்தான் பல் துலக்குகிறான்.

அவன் சடங்குகளைக் கேளுங்கள். முதலில் பென்டிரைவ். அதில் புது ஓ.எஸ்.ஸை ஏற்றி, பழையதைத் துடைத்து, வன்தட்டை அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி இங்கிட்டுக் கொஞ்சம் அங்கிட்டுக் கொஞ்சம் என்று பிரித்து, எல்லாம் முடிந்ததும் எழுத்துரு தேர்ந்தெடுக்க ஒரு நாள், பின்னணிப் படம் தேட ஒரு நாள், படத்துக்குப் பொருத்தமாகப் பச்சையா ஆரஞ்சா என்று யோசிக்க ஒரு நாள் எடுத்துக்கொண்டு, கடைசியில் அந்த அழகைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவான். 'இதுதான் கடைசி' என்று கீழே ஒரு வரி. குழுவில் கார்முகில் என்று ஒரு கூட்டாளி. 'நல்லாருக்கு ப்ரோ, ஆனா அந்த இன்னொண்ணு இதைவிட லைட் வெயிட்' என்பான். போதும். அன்றைக்குச் சோறு இறங்காது. மறுநாள் மறுபடி பென்டிரைவ்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது ஒரு கூடத்தோடு நிறுத்திக்கொண்டாள். நான் பதினோரு கூடம் மாறிப் பார்த்தேன், காலை மட்டும் தூக்கவில்லை.

ஒரு முறை பாகப்பிரிவினையில் கை தவறி, மகள் அழகியின் காதுகுத்துப் படங்கள் இருந்த பங்கையே அழித்துவிட்டேன். தாய்மாமன் மடியில் அவள் வாயைப் பிளந்துகொண்டு அழும் படம் உட்பட எல்லாம் போயிற்று. என் மனைவி இலக்கியா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசவில்லை என்பதே நான்காவது நாள்தான் எனக்கு உறைத்தது. அதுவரை புது ஓ.எஸ்.ஸில் ஏன் சத்தம் வரவில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை வன்தட்டு முழுவதையும் பூட்டி, இருபத்தேழு எழுத்தில் ஒரு கடவுச்சொல் வைத்தேன். எப்பேர்ப்பட்ட திருடன் வந்தாலும் ஒன்றும் எடுக்க முடியாது. கடவுச்சொல்லை மறந்துவிட்டதால் நானும் எடுக்க முடியாது. உள்ளே எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது வேறு விஷயம்.

சிரிப்பதெல்லாம் சரி, இதில் என் பிழைப்பும் இருந்தது. தை மாதம் ஒரு கல்லூரியில் பார்த்துக்கொண்டிருந்த லேப் அசிஸ்டென்ட் வேலையை விட்டேன். பாதுகாப்பு வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்றேன். இலக்கியா அன்னவாசல் கடைத்தெருவில் இ-சேவை மையம் நடத்துகிறாள்.

"ஆனி வரைக்கும் பாருங்க. கடைய வச்சு நான் சமாளிச்சுக்கிறேன். அப்பயும் அமையலைன்னா எங்கண்ணன் சொன்ன மாதிரி ஷார்ஜாவுக்குக் கெளம்பிருங்க" என்றாள்.

மச்சான் நிலவழகன் அங்கே ஒரு குடோனில் எனக்கு ஸ்டோர் கீப்பர் இடம் சொல்லி வைத்திருந்தார். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அழகிக்கு நாலு வயது. நான் முதல் லீவில் திரும்பி வரும்போது ஆறாகியிருக்கும், யார் இந்த ஆள் என்று கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. பதிலுக்கு ஆறு மாதத்தில் பதினோரு ஓ.எஸ். மாற்றினேன்.

ஆனி பிறந்ததும், நான் விண்ணப்பித்திருந்த சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. உங்கள் திரையைப் பகிர வேண்டியிருக்கும் என்று ஒரு வரி. வேறு யாராக இருந்தாலும் புத்தகத்தை எடுத்திருப்பார்கள். எனக்கு ஒன்றுதான் ஓடியது. திரையைப் பார்ப்பார்களாமே! இந்தச் சின்னப்பிள்ளை ஓ.எஸ்.ஸைப் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பெரிய ஆட்கள் வைத்திருக்கும் சாமான் அல்லவா வேண்டும்? திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பென்டிரைவைச் செருகினேன்.

கடைக்குக் கிளம்பின இலக்கியா வாசலில் நின்று பார்த்தாள். "ஏங்க, ஓடிக்கிட்டு இருக்கறதுல கைய வைக்காதீங்க."

"இது சும்மா அஞ்சு நிமிஷ வேலை."

புது ஓ.எஸ். அழகாக வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. அதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அந்த மென்பொருளை இறக்க இன்டர்நெட் வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும். போனைச் செருகி நெட்டை எடுக்கலாமே என்பீர்கள். நானும் எடுத்தேன். ஒன்பதரைக்கு எல்லாம் சரியாகிவிட்டது. புத்தியுள்ளவன் அத்தோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் திரை மூலையில் 'இருநூற்றுப் பன்னிரண்டு அப்டேட்கள் காத்திருக்கின்றன' என்று வந்தது. காத்திருக்கிறதே, பாவம் இல்லையா? அமுக்கினேன். பத்தரைக்குக் கணினி தன்னை அணைத்துத் தானே எழுந்தது. கறுப்புத் திரை. இடது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு. மினுக், மினுக்.

பக்கத்து வீட்டு சைக்கிளை எடுத்து மிதித்தேன்.

கடையில் பள்ளிக்கூடச் சேர்க்கைக் கூட்டம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று வாசல் வரைக்கும் ஆள். நடுவில் இலக்கியாவின் கணினி. ஆறு வருடத்துப் பழைய விண்டோஸ். போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் மானிட்டர் நெற்றியில் காய்ந்து கிடந்தன. நான் அதற்கு வைத்திருந்த பெயர் டப்பா. இலக்கியா என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்து, அடுத்த மேசையில் போய் விண்ணப்பங்களைச் சரிபார்க்க உட்கார்ந்தாள்.

பேரனின் சான்றிதழுக்காக முதல் ஆளாக வந்திருந்த பெரியகருப்பன், "நீங்க பாருங்க தம்பி. கவர்மெண்டுக்கே காத்துக் கெடந்த ஆளுக, ஒங்களுக்குக் காத்திருக்க மாட்டமா?" என்று சொல்லி, வேடிக்கை பார்க்க வசதியாக நாற்காலியை என் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சரியாகப் பதினோரு மணி. திரையில் இன்டர்வியூ எடுக்கும் ஷர்லி மேடம் வந்தார். வணக்கம் சொன்னார். என்னை ஒரு நிமிடம் பார்த்தார். என்னைத் தாண்டியும் பார்த்தார்.

"ஆத்மநாதன், உங்க பின்னாடி சுவத்துல ஒரு அட்டை ஒட்டியிருக்கே, அதுல இருக்கறது பாஸ்வேர்டா?"

திரும்பினேன். சிவப்பு மார்க்கரில், கால் அடி எழுத்தில், வைஃபை பாஸ்வேர்டு. எடுத்துவிடு என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். மறந்தால் யாரிடம் கேட்பது, உங்களிடமா என்று நூறு தடவை பதில் வந்திருக்கிறது.

பெரியகருப்பன் எட்டி முகத்தைக் காட்டினார். "ஆமாங்கம்மா, வைஃபைதான். கண்ணு சரியாத் தெரியலைன்னா வாசிச்சுச் சொல்லவா?"

கணினிப் பாதுகாப்பு வேலைக்கான என் நேர்காணல் இப்படித் தொடங்கியது.

"பரவால்ல" என்று ஷர்லி மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எந்த ஓ.எஸ். யூஸ் பண்ணுவீங்க?"

அடடா! என் வாழ்நாளெல்லாம் நான் காத்திருந்த கேள்வி. எது வேகம், எது நிதானம், எது புரோகிராமிங்குக்கு வாட்டம், எது பாதுகாப்பு வேலைக்கு வாட்டம், எதில் எந்த வேண்டாத வால் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினேன். கூட்டம் வாயடைத்து நின்றது.

"நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. சரி, அதுல என்ன பண்ணீங்க?"

"இன்ஸ்டால் பண்ணேன் மேடம்."

"அதுக்கப்புறம்?"

"அடுத்ததை இன்ஸ்டால் பண்ணேன்."

அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். யாரோ ஒருவருடைய கணக்கில் யார் யார் எப்போது நுழைய முயன்றார்கள் என்ற பதிவு. ஐம்பது வரி. "இதுல என்ன நடந்திருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். அந்த எழுத்துரு எதுவென்று உடனே தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. காது மடல் சுட்டது. ஷார்ஜா குடோனின் ஷட்டர் திறக்கும் சத்தம்கூடக் கேட்டது.

அடுத்த மேசையிலிருந்து இலக்கியா தலையை நிமிர்த்தாமல் திரையை ஒரு பார்வை பார்த்தாள். "மூணு தடவ தப்பாப் போட்டா மறந்துட்டாங்கன்னு அர்த்தம். நாப்பது தடவ போட்டா அது அவங்க அக்கவுண்டே இல்லைன்னு அர்த்தம். கடைசி வரி பாருங்க, உள்ள போயிட்டான்."

ஷர்லி மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது யாரு?"

"என் வொய்ஃப் மேடம்."

"அந்தப் பொண்ணுக்கே வேலையப் போட்டுக் குடுங்கம்மா" என்றார் பெரியகருப்பன்.

இந்தத் தடவை மேடம் சிரிப்பை அடக்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துத் தன்மையாகத்தான் சொன்னார். "இப்ப எடுக்க முடியாது ஆத்மநாதன். மூணு மாசம் கழிச்சு மறுபடி ஆள் எடுக்கறோம். அதுக்குள்ள ஏதாவது ஒண்ணை, சின்னதா இருந்தாலும் சரி, முழுசாச் செஞ்சு எடுத்துட்டு வாங்க. எந்த சிஸ்டம்ல வேணா செய்யுங்க."

தலையை ஆட்டிவிட்டு வாயை மூடியிருக்கலாம். "மேடம், ஒரே ஒரு டவுட். எந்த ஓ.எஸ்.ல செஞ்சா நல்லது?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. நெட் போய்விட்டது என்று நான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன்.

மத்தியானம் கூட்டம் வடிந்த பிறகு இலக்கியா டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தினாள். "ஒங்களுக்கு ஷார்ஜா போறதுக்கு இஷ்டமா?"

"இல்ல. பாப்பாவ விட்டுட்டுப் போக முடியாது."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு ஆறு மாசமா? நான் அண்ணங்கிட்டப் புரட்டாசி வரைக்கும் கேட்டு வாங்குறேன். அதுக்கு மேல எனக்கு மொகம் இல்ல." கையை நீட்டினாள். "அந்தப் பென்டிரைவ இங்கிட்டுக் குடுங்க."

கொடுத்தேன். ஸ்டேப்ளர் பின்கள் கிடக்கும் இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டாள்.

இப்போது கூட்டம் குறைகிற நேரத்தில் தினமும் இரண்டு மணி நேரம் அந்த டப்பாவின் முன்னால் உட்காருகிறேன். நாற்பது தடவை தப்பாகப் போடுகிறவனைத் தானாகவே கண்டுபிடிக்க ஒரு சின்ன புரோகிராம். பத்தொன்பது நாளாகிறது. பாதி ஓடுகிறது. குங்குமம் வைத்த விண்டோஸில் ஓடுகிறது என்பதைக் கார்முகிலிடம் சொல்லவில்லை. இரண்டாவது பென்டிரைவையும் போன வாரம் நானே கொடுத்துவிட்டேன். மூன்றாவதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

என்னிடம் கம்ப்யூட்டரே கிடையாது, நான் இந்த இனம் இல்லை என்கிறீர்களா? நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஷூ எங்கே? தினமும் எழுத வாங்கிய டைரியில் சனவரி இரண்டாம் தேதி என்ன எழுதியிருக்கிறீர்கள்? அதெல்லாம் போகட்டும். எந்த ஓ.எஸ். நல்லது என்று இவன் எப்படியும் ஓர் இடத்தில் சொல்லிவிடுவான், அதைப் பார்த்துவிட்டு நாளைக்குத் தொடங்கலாம் என்று இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறீர்களே, வாருங்கள் சொந்தக்காரரே. அன்னவாசல் பக்கம் வந்தால் கடைக்கு வந்துவிட்டுப் போங்கள். இழுப்பறையில் இன்னும் இடம் இருப்பதாக இலக்கியா சொல்கிறாள்.