லஃபோர் வீட்டு வழக்கம்

“எவன்டா அவன்? எங்க வம்சத்துப் பேரை நடுவுல அறுத்துப் போட்டவன் எவன்?”

டெரிக் போட்ட சத்தத்தில் ஆஸ்டின் டவுன் தெருவே ஒரு தரம் திரும்பிப் பார்த்தது. அவன் கையில் பாண்டிச்சேரிச் சித்தப்பா மகன் அனுப்பிய நகல். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் நாலு பக்கம். பிரெஞ்சுக்குக் கீழே பென்சிலில் தமிழ். டெரிக்கின் பாட்டனுக்குப் பாட்டன் பிரான்சுவா லஃபோர், அசல் பிரெஞ்சுக்காரன்! அந்த ‘லஃபோர்’, குடும்பம் பிழைக்கக் கோலார் தங்கவயலுக்கு வந்த வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, பழைய கதவு ஜன்னல் வாங்கி விற்றே ஆளானவன் டெரிக். பேரத்தில் அவனை ஜெயிக்க சிவாஜிநகரில் இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். என் பிள்ளை பேரு பிரான்சுவா லஃபோர். ஆய்த்து, அவ்ளோதான்!”

பிரிஸில்லா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்களுக்குப் பிறகு வந்த பையன். தன் அப்பா சின்னப்பாவின் பேரை வைக்கச் சொல்லி, குழந்தை பிறந்த நாளிலிருந்து அவள் கேட்க, அவன் மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். இப்போது அவள் நகலை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

“நல்லாத்தாங்க இருக்குது. ஆனா வம்சம்னு எறங்கிட்டா அவங்க வழக்கத்தை முழுசாச் செய்யணும்.”

“ஒண்ணு வுடாம செய்வேன்! ஃபாதர்கிட்டயே சொல்றேன்!”

போன் போட்டுச் சொல்லியும்விட்டான்.

“அப்புறம், ஞானத்தகப்பனா நிக்க எங்கப்பாவால ஆவாதாம். முட்டி வலியாம்” என்றாள் பிரிஸில்லா.

“இன்னாது? என் பிள்ளைக்கு நிக்க மாட்டாரா?”

“வுடுங்க. அவரு சொன்னா சொன்னதுதான். உங்களால மசிய வெக்க முடியாது.”

ஸ்கூட்டர் ஜோகுபாளையத்தில் மாமனார் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றது.

“மாமா, நீங்கதான் நிக்கறீங்க.”

“முட்டி வலி, மாப்ள.”

“நாற்காலி போடறேன்.”

“கோட்டு இல்லியே.”

“தெச்சுத் தரேன்.”

“கோயில் படி ஏற முடியாது.”

“நானே தூக்கினு போறேன்!”

ஒன்றரை மணி நேரம். கடைசியில் கிழவர் பெருமூச்சு விட்டார். “இவ்ளோ கெஞ்சறீங்களே, சரி.” டெரிக் வழி நெடுக விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆபீசில் பதிவேடு எழுதும் எலிசபெத் பேனாவைத் திறந்தார். “குழந்தை பேரு?”

“பிரான்சுவா...”

“ஒரு நிமிஷம்க்கா.” பிரிஸில்லா நகலை மேசைமேல் விரித்தாள். “இந்தப் பக்கம் ஞானத்தகப்பன் எத்தியேன், பிள்ளையும் எத்தியேன். இதுல ஞானத்தகப்பன் சவரிமுத்து, பிள்ளை சவரிமுத்து லஃபோர். நாலு பக்கத்துலயும் இப்படித்தான். ஞானத்தகப்பன் பேருதான் பிள்ளைக்கு. அதாங்க்கா இவங்க வழக்கம்.”

டெரிக் குனிந்து பார்த்தான். இத்தனை நாளும் அந்தத் தாளில் ‘லஃபோரை’த் தவிர வேறெதுவும் அவன் கண்ணில் பட்டதில்லை.

“ஞானத்தகப்பன் யாரு?” என்றார் எலிசபெத்.

புதுக் கோட்டோடு சின்னப்பா முன்னால் வந்தார். படியெல்லாம் அவரே ஏறியிருந்தார்.

“வழக்கம் ஒண்ணுகூட விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, டெரிக்?” என்று ஃபாதர் சிரித்தார்.

சின்னப்பா லஃபோர். மை காய்ந்தது.

டெரிக் வெளியே வந்து வானத்தைப் பார்த்துக் கத்தினான்: “டேய், பேரை அறுத்தவனே! அறுத்ததுதான் அறுத்தே, அந்த வழக்கத்தையும் சேத்து அறுத்திருக்கக் கூடாதா? இப்பவாச்சும் வந்து சரிபண்ணிட்டுப் போடா!”