தலைக்கு அண்டூ கிடையாது

வாத்தியாரின் இடது கிருதாவை ஒரு விரலகலம் கூடுதலாக வெட்டிவிட்ட சலூன்காரர், சிறிதும் பதறாமல், நாற்காலியின் கைப்பிடியில் இடது கை விரல்கள் இரண்டால் ஒரு தட்டுத் தட்டினார். முடி திரும்பி வரவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் அழுத்தித் தட்டினார்.

"என்னத்தத் தட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்றார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த வாத்தியார்.

"ஒண்ணுமில்ல சார். பழக்கம்."

அது பொய்யில்லை. கொஞ்ச நாளாக அவர் முடி வெட்டியதெல்லாம் கம்ப்யூட்டரில்தான். அங்கே தப்பு நடந்தால் இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் போதும், போனது அப்படியே திரும்பி வந்துவிடும். அண்டூ என்று அதற்குப் பெயர். வாத்தியாரின் தலையில் அந்த வசதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

சலூன்காரர் வலது கிருதாவையும் இடதுக்குச் சமமாக ஏற்றினார். வலது ஒரு நூல் மேலே போய்விட்டது. இடதை ஏற்றினார். இப்படி மாறி மாறி ஏறி, இரண்டும் காதின் உச்சியைக் கடந்து போய்க்கொண்டிருந்தபோது வாத்தியார் கண்ணைத் திறந்தார்.

"கிருதா வைக்கச் சொன்னேனே?"

"வச்சிருக்கேன் சார். புது மாடல்."

"எங்க?"

"வெளிய தெரியாது சார். அதான் மாடல்."

மறுநாள் அந்த வாத்தியாரின் வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் கடைசி மணி வரை ஆசிரியர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம். அவ்வளவு கவனமான வகுப்பை அந்தப் பள்ளி அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் எதிரில் புதுச் சலூன் வந்ததில் தொடங்கியது. முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஏசி. கறுப்பு ஏப்ரன் கட்டிய ஆட்கள். சாய்த்தால் கட்டிலாகிவிடும் நாற்காலிகள். நம் சலூன்காரரின் நாற்காலியும் சாயும்; எப்போது சாய்வது என்பதை மட்டும் அதுவே முடிவு செய்யும்.

பழைய வாடிக்கையாளர்கள் தெருவின் அந்தப் பக்கமாக, செருப்பையே பார்த்துக்கொண்டு, குனிந்த தலையோடு போனார்கள். குனிந்ததால் உச்சந்தலை நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததுமே அது தன் கத்தரி வேலை இல்லை என்று சலூன்காரருக்குத் தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு இப்படிப் பத்துத் தலையாவது கடையைத் தாண்டிப் போகும்.

"இப்படியே ஈ ஓட்டிக்கிட்டிருந்தா எப்படி?" என்றார் மனைவி. "பேசாம கடையப் பூட்டிட்டு என் தம்பிகிட்டப் போயிடுங்க. பேனரைக் கட்டறதுக்கு ஏணி பிடிக்க ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டிருந்தான்."

தம்பி என்றால் பேனர் அச்சடிக்கும் கடை வைத்திருக்கும் மச்சான். கல்யாணமான நாளிலிருந்து அவனை, "உருப்படற வழியப் பாருடா" என்று சலூன்காரர் அறிவுரை சொல்லிச் சொல்லியே உருப்படவைத்திருந்தார். அவனுக்கு ஏணி பிடிப்பதா? கீழே நின்று அவன் செருப்பின் அடிப்பாகத்தை அண்ணாந்து பார்ப்பதா? கடையைக் காப்பாற்றியே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்.

எதிர்க்கடையில் எவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தால்தான் என்ன, கண்ணாடி இருப்பதைத்தான் காட்டும். வெட்டப்போவதை முன்கூட்டியே காட்டிவிட்டால்? வாடிக்கையாளரைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரிலேயே அவருக்கு முடி வெட்டிக் காட்டி, சரி என்றால் பிறகு தலையில் கை வைப்பது. உலகத்தில் எவனுக்கும் தோன்றாத யோசனை என்று அவருக்கே அவர் மேல் மரியாதை வந்தது.

மச்சான் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, நாளிதழ் படிக்கும் பெஞ்சின் ஓரத்தில் வைத்தான். கூடவே சிறிய அச்சு இயந்திரம் ஒன்றும் வந்தது.

"மாமா, முதல்ல லேயர்னா என்னன்னு புரிஞ்சுக்கங்க. மூஞ்சி ஒரு கண்ணாடித்தாள். அதுக்கு மேல முடி இன்னொரு கண்ணாடித்தாள். ரெண்டையும் தனித்தனியா வச்சுக்கணும். அப்பதான் முடியில கை வச்சா மூஞ்சில படாது."

"டேய், இத்தனை வருஷமா நான் அதத்தாண்டா பண்ணிக்கிட்டிருக்கேன்."

"எதை?"

"முடியில கை வைக்கறது. மூஞ்சில படாம."

மச்சான் அதற்கு மேல் பாடம் நடத்தவில்லை. பயிற்சி செய்யச் சொல்லிவிட்டுப் போனான்.

பயிற்சிக்குச் சலூன்காரர் தன் படத்தையே எடுத்துக்கொண்டார். அவர் தலையில் காது வரைக்கும் எதுவும் கிடையாது. சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் தொழிலுக்கே கொடுத்துவிட்டவர். அதனால் தானும் மனைவியும் சேர்ந்து நிற்கும் படத்தைத் திறந்து, மனைவியின் கூந்தலைச் சுற்றிக் கோடு போட்டு, அப்படியே தூக்கித் தன் தலையில் வைத்தார். எந்தத் தாளில் இருக்கிறோம் என்பதைப் பார்க்க மட்டும் மறந்துவிட்டார். டீ கொண்டுவந்த மனைவி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"யாருங்க அது, என் கம்மலைப் போட்டுக்கிட்டு மொட்டைத் தலையா?"

"அது... நீதான். பதறாத. அண்டூ பண்ணிட்டா வந்துடும்."

"பண்ணுங்க."

"சேவ் பண்ணி மூடிட்டு இப்பத்தான் திறந்தேன். மூடினா அண்டூ போயிடும்."

"நாம சிரிச்சுக்கிட்டு எடுத்தது அந்த ஒரு படந்தான்."

"இப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான இருக்க?"

அன்றைய டீயில் சர்க்கரை போடப்பட்டிருக்கவில்லை.

முதல் வாடிக்கையாளராக மாட்டியவர் தபால்காரர். முன்பக்கம் வழுக்கை ஏறிக்கொண்டிருந்தவர். சலூன்காரர் குளோன் என்ற கருவியால் பிடரி முடியைப் பிரதி எடுத்துப் பிரதி எடுத்து முன்னால் கொண்டுவந்து நட்டார். படத்தில் தபால்காரர் இருபது வயதுப் பிள்ளைபோல் பளபளத்தார்.

"வெட்டினா இப்படி ஆகுமா?"

"அச்சு அசலா."

"வெட்டினா முடி குறையுமா, கூடுமா?"

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து சலூன்காரரை யாரும் கேட்காத கேள்வி அது. அவர் பதிலை யோசித்து முடிப்பதற்குள் தபால்காரர், படத்தை மட்டும் அச்சடித்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சரி, இனிமேல் முடியைக் கூட்டுவதில்லை, உள்ளதை உள்ளபடி காட்டுவோம் என்று மாற்றிக்கொண்டார். அடுத்து வந்தவர் வங்கிக் காசாளர். படத்தைப் பார்த்தார். தொப்பை, தாடை, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை எல்லாம் உள்ளபடி இருந்தன.

"என்மேல உங்களுக்கு என்ன கோபம்?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

சலூன்காரர் மச்சானைக் கூப்பிட்டார்.

"மாமா, மனுஷன் முடியவா பாக்கறான்? மூஞ்சியத்தான் பாக்கறான். மூஞ்சியக் கொஞ்சம் தட்டி விடுங்க. மிச்சம் தானா வரும்."

தட்டிவிட்டார். மருந்துக்கடைக்காரருக்கு மூக்கோரம் மிளகு அளவு மரு இருந்தது, அதை எடுத்தார். கன்னத்தை இறக்கினார், தோலுக்கு நிறம் கூட்டினார், தாடையை உளியால் செதுக்கியதுபோல் ஆக்கினார். மருந்துக்கடைக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இப்படியே வெட்டுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். சலூன்காரர் உயிரைக் கொடுத்து வெட்டினார். துணியை உதறியதும் மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

"மருவை ஏன் வெட்டல?"

"அது என் வேலையில்லீங்களே."

"படத்துல வெட்டியிருக்கீங்க. அப்ப உங்களுக்கு வெட்டத் தெரியுது. எனக்குத்தான் வெட்ட மாட்டேங்கறீங்க."

இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார் சலூன்காரர். கண்ணாடியில் தெளிவாகத் தெரிவதுதானே சிக்கல்? மேலே இருந்த பிரகாசமான விளக்கைக் கழற்றிவிட்டு, மினுக்மினுக் என்று எரியும் ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் யாரைப் பார்த்தாலும் அழகாகத்தான் இருந்தார்கள்; யார் என்பதுதான் தெரியவில்லை. அந்த விளக்கின் கீழ்தான் வாத்தியார் வந்து உட்கார்ந்தார். மீதிக் கதையைச் சொல்லியாகிவிட்டது.

வாத்தியார் விவகாரம் தெருவில் பரவியதும் அக்காள் வீட்டுக்காரரைத் தேற்ற மச்சான் வந்தான். வரும்போதே ஏணி பிடிக்க ஆளை அளக்கிற பார்வையோடு வந்த மாதிரி சலூன்காரருக்குப் பட்டது.

"மாமா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. உங்க படத்துல ஒரு குறையும் இல்ல. குறையெல்லாம் தலையிலதான்."

"அதுக்குத் தலைய மாத்த முடியுமாடா?"

"வேணாம். உடனே வெட்டாதீங்க. படத்தைப் போட்டுக் கையில குடுங்க. வீட்டுக்குப் போயி காட்டட்டும். பொண்டாட்டி சரின்னு சொன்னப்புறம் வரட்டும். அப்படி வர்றவங்க குறை சொல்ல மாட்டாங்க. சொன்னா வீட்லதான சொல்லணும்?"

சலூன்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். உருப்பட்டுத்தான் இருக்கிறான்.

விளக்கைப் பழையபடி மாற்றினார். 'முதலில் படம், பிறகு முடி. படம் இலவசம்' என்று ஒரு பலகை மாட்டினார். மறுநாளிலிருந்து கூட்டம் நெருக்கியடித்தது. பெஞ்சு போதவில்லை. வாசல்படியில் உட்கார்ந்தார்கள், மிதிவண்டிமேல் உட்கார்ந்தார்கள். முடி வெட்டிக்கொள்ளும் நாற்காலி படம் பிடித்துக்கொள்ளும் நாற்காலியாயிற்று. பழையபடி தபால்காரர் வந்தார், காசாளர் கோபம் தணிந்து வந்தார், மருந்துக்கடைக்காரர் தன் தம்பியையும் மருவோடு கூட்டிவந்தார். வாத்தியாரே தொப்பியோடு வந்து, கிருதா முளைத்த பிறகு எப்படி இருக்கும் என்று படம் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சலூன்காரரின் கைக்குத் தேர்ச்சி வந்துவிட்டது. ஒருவரின் படத்தை முடிக்க டீ ஆறும் நேரம்கூடப் பிடிக்கவில்லை. நெற்றியில் முடி விழுவதுபோல் போடுவார், பக்கத்தில் ஒட்ட வெட்டியதுபோல் காட்டுவார், நிழலைக்கூடத் தனி லேயரில் வைப்பார். தபால்காரரின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டியதிலிருந்து அவர் வீட்டு நாய் படத்தைப் பார்த்து வாலாட்டுகிறது, அவரைப் பார்த்துக் குரைக்கிறது என்றால் வேலையின் நேர்த்தியைப் புரிந்துகொள்ளலாம். கத்தரிக்கோலும் சும்மா இருக்கவில்லை. அச்சடித்த படத்தின் ஓரங்களை நறுக்க அதைப்போல் ஒன்று கிடையாது.

ஒரு நாள் மாலை, கடையைப் பெருக்க வந்த மனைவி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நடுக்கடையில் நின்றார்.

"ஏங்க, தரையில முடியே இல்லையே?"

"இப்ப எல்லாம் படந்தான். முடி அப்புறம்."

"அப்புறம்னா?"

"வீட்ல காட்டிட்டு வர்றேன்னு போயிருக்காங்க."

"எல்லாருமா?"

"தலைன்னா சும்மாவா? நல்லா யோசிச்சுட்டு வருவாங்க. வர்றப்ப எல்லாரும் ஒட்டுக்கா வருவாங்க பாரு, நீ இன்னொரு துடைப்பம் வாங்க வேண்டியிருக்கும்."

மனைவி காகித நறுக்குகளைப் பெருக்கி வாரிக்கொண்டு போனார். சலூன்காரர் தெருவைப் பார்த்தார். எதிர்க்கடையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கறுப்பு ஏப்ரன்காரர்கள் இவர் வாசல் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையை நீட்டி எண்ணக்கூடச் செய்தான். வயிற்றெரிச்சல் என்று சலூன்காரர் நினைத்துக்கொண்டார். அதை நினைத்ததில் இரண்டு படங்கள் வழக்கத்தைவிட அழகாக வந்தன.

அப்படியிருக்கும்போதுதான், ஒரு நாள் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த வேளையில், எதிர்க்கடையின் தலைமைக் கத்தரிக்காரர் தெருவைக் கடந்து வந்தார். தாடி வைத்த வாட்டசாட்டமான ஆள். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்றார்.

சலூன்காரருக்கு நெஞ்சு விம்மியது. உள்ளே இருந்த மனைவிக்கும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த மச்சானுக்கும் கண்ணைக் காட்டினார். வந்தவன் வேலை கேட்கத்தான் வந்திருக்கிறான், சந்தேகமே இல்லை. விழுந்தவனை மிதிக்கக் கூடாது. பெருந்தன்மையாகப் பேசிவிடுவோம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வாங்க தம்பி. உள்ள வாங்க. கூச்சப்படாதீங்க."

"இருக்கட்டும்ணே."

"தொழில்னா ஏற்ற இறக்கம் இருக்கத்தான் செய்யும். நானே ஈ ஓட்டின ஆளுதான். இப்ப பாருங்க, கூட்டத்தச் சமாளிக்க முடியல."

"பாத்துக்கிட்டுத்தாண்ணே இருக்கோம். எங்க முதலாளி தினமும் உங்களப் பத்தித்தான் பேசுவாரு."

"பேசுவாரு, பேசுவாரு. மனசுல ஒண்ணும் வச்சுக்க வேணாம்னு சொல்லுங்க." மச்சானைப் பார்த்து, இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறதா என்று கண்ணாலேயே அளக்கச் சொன்னார். "உங்களுக்கு என்ன வேணும், மனசு விட்டுக் கேளுங்க தம்பி."

தாடிக்காரர் தலையைச் சொறிந்தார். தயங்கினார். பிறகு இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டபடி சொன்னார்:

"உங்க படத்தக் கொண்டாந்து நீட்டிட்டுத்தாண்ணே எல்லாரும் எங்ககிட்ட வெட்டிக்கிட்டுப் போறாங்க, முன்பக்கம் கச்சிதமா வந்துடுது, அந்தப் பின்னந்தலைக்கும் ஒரு படம் போட்டு அனுப்பிட்டீங்கன்னா எங்களுக்குக் குழப்பமே இருக்காது."