விட்ரோ ஆஸ்பத்திரி

மரியே வாழ்க!

மல்காஜ்கிரி,
வெள்ளிக்கிழமை.

மிகுந்த அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சாந்தா அக்கா அவர்களுக்கு, உடன்பிறந்த தம்பி இருதயராஜ் தலை குனிந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் எலிசபெத்தும் சுகம். நீ சுகமா என்று கேட்பது முறை. உன் சுகத்தைக் கெடுத்ததில் எனக்கும் பங்கு இருப்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பொன்மலையில் மழை உண்டா? பக்கத்து வீட்டு நாய் இன்னும் தபால்காரரைத் துரத்துகிறதா? இதெல்லாம் வெளி உறை, அக்கா. உள்ளே இருப்பது கசப்பு. ஏன் இப்படிச் சுற்றி வளைக்கிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

போன மாதம் நீ போன் செய்து, மார்பில் இருப்பது கேன்சர் கட்டிதானாம், மருந்து ஏற்ற வேண்டுமாம் என்று சொன்னாய். அதுவரை தைரியமாகத்தான் பேசினாய். "முடியெல்லாம் கொட்டிடுமாம்டா ராஜு" என்று சொல்லும்போதுதான் அழுதாய். அத்தான் போனபோதுகூட என் முன்னால் அழாதவள் நீ. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து, அடுத்த அறையில் எலிசபெத் தன் புரொபசரிடம், "இன் விட்ரோ எய்ட்டி பர்சென்ட் சார், இன் விவோ இன்னும் ஸ்டார்ட் ஆகலை" என்று பேசிக்கொண்டிருந்தாள். அவள் கேன்சர் மருந்து ஆராய்ச்சி செய்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இன் சனத்நகர், இன் செகந்திராபாத் என்று ஊரைச் சொல்வதைப் போல இன் விட்ரோ. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருடம் வேகன் சக்கரத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு வேறு எப்படிப் புரியும்? உடனே உன்னிடம் அவிழ்த்துவிட்டேன். "அழாதக்கா. நம்ம எலிசபெத்தே மருந்து கண்டுபிடிச்சிருக்கா. விட்ரோன்னு ஒரு ஆஸ்பத்திரியில நூத்துக்கு எம்பது பேருக்குக் குணமாயிருக்கு. முடி கொட்டாது. விவோ கிளை இன்னும் திறக்கல. திறந்ததும் முதல் பெட் உனக்குத்தான்." அந்த பெட் முழுக்க என் சொந்தச் சரக்கு.

அதோடு நிறுத்தினேனா? ஞாயிறு பூசையில் விட்ரோ மருத்துவமனைக்காக மன்றாட்டு வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். மேல் வீட்டு பாலச்சந்திரன் தன் மாமியாரின் முழங்காலுக்கு அங்கே டோக்கன் கேட்டார். வாங்கித் தருகிறேன் என்றேன். நீயோ டாக்டர் கொடுத்த முதல் தேதியைத் தட்டிவிட்டாய், இரண்டாம் தேதியையும் தட்டிவிட்டாய், "என் தம்பி மகளோட மருந்து வருது" என்று அந்த டாக்டரிடமே சொல்லியிருக்கிறாய். புதன்கிழமை மறுபடியும் நான் போனில் விட்ரோ புராணம் பாடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து எலிசபெத் கேட்டுவிட்டாள். "கைக்கு டாடி, கைக்கு?" என்று அவள் கத்திய கத்தலில் போன் கையிலிருந்து விழுந்து கட்டாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் உன் மகன் தினேஷிடமிருந்து மெசேஜ்: "மாமா, அந்த மருந்து கைக்குத் தடவுறதாமே, அம்மா சந்தோஷமா சொல்றாங்க." அக்கா, கைக்கு என்றால் இந்த ஊர் பாஷையில் 'ஏன்' என்று அர்த்தம்.

பிறகு என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். "விட்ரோன்னா கண்ணாடி, டாடி. லேப்ல கண்ணாடிக் கிண்ணம். அதுல கேன்சர் செல்தான் எம்பது பர்சென்ட் செத்தது. ஆஸ்பத்திரியும் இல்ல, பேஷன்ட்டும் இல்ல. விவோன்னா உயிர். எலிக்கே இன்னும் குடுக்கல." எலிசபெத்தின் மருந்து இன்னும் எலியைக்கூட எட்டவில்லை, அக்கா. ஒர்க்‌ஷாப்பில் கை கழுவும்போது சோப்பு கிரீஸை நடுவில் வைத்துச் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு கொண்டுபோகுமே, அதே வேலைதானாம். தண்ணீரில் கரையாத மருந்தைப் பாலிமர் இழைகள் சூழ்ந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத உருண்டையாகி, ரத்தத்தோடு போய்க் கட்டியில் இறக்கிவைக்க வேண்டும். அதற்கு மைசெல் என்று பெயர். போகிற வழியில் பிரிந்தாலும் வீண், போன இடத்தில் பிரியாமல் இறுகிக்கிடந்தாலும் வீண். இது சரியாக வருவதற்கு வருடங்கள் ஆகும், வராமலும் போகலாம் என்றாள். "அத்தைக்கு அவ்ளோ டைம் இல்ல டாடி" என்று சொல்லிவிட்டு, அவளும் அழுதாள்.

நானும் அந்த மைசெல் ஜாதிதான் என்று தோன்றுகிறது. பொய் என்றால் வழியிலேயே கொட்டிவிடுகிறேன். உண்மை என்றால் வாய் இறுகிக்கொள்கிறது. புதனிலிருந்து ஏழு தடவை உன் நம்பரை எடுத்தேன், மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்தேன். நீ முடிக்காக அழுதாய் என்று நினைத்துவிட்டேன். பயத்தில் அழுதிருக்கிறாய். பக்கத்தில் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லத் தெரியாமல் ஆஸ்பத்திரி கட்டினேன். தப்பு என்னுடையது, மாதம் ஒன்று போனது உனக்கு.

ஆகையால் வருகிற திங்கட்கிழமை, டாக்டர் கொடுத்திருக்கும் மூன்றாவது தேதிக்கு, தயவுசெய்து போ. உன் டாக்டர் தருவது ஆயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்த்த மருந்து என்று எலிசபெத் சொல்கிறாள். முடி கொட்டும், திரும்ப முளைக்குமாம். துணைக்கு நானும் மொட்டை போடலாம் என்றால், நீயே சொட்டை என்று கூப்பிட்ட தலை இது, எடுப்பதற்கு ஒன்றுமில்லை. நேரில் வரவும் முகமில்லை. ரயில்வே பாஸ் இருக்கிறது, முட்டிவலியும் இருக்கிறது. தினேஷ் கூட்டிப்போகட்டும். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, போய்விடு.

ஆரோக்கிய மாதா உனக்கு ஆரோக்கியத்தையும் எனக்கு ஒரு வாய்ப்பூட்டையும் அருள்வாளாக.

இப்படிக்கு,
உன் சொட்டைத் தம்பி
இருதயராஜ்

பின்குறிப்பு: தபால் போய்ச் சேர நாலு நாளாகும், திங்கள் தாண்டிவிடும் என்று எலிசபெத் இதைப் பிடுங்கி என் சட்டைப் பையில் வைத்து, என்னை ரயிலில் ஏற்றிவிட்டாள். ஆகையால் வரமாட்டேன் என்று மேலே எழுதியது பொய். இதைப் படிக்கும்போது நான் உன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொன்னால் மறுபடி மழையில்தான் போய் நிற்பேன் என்று எழுத்தைக் கையில் கொடுத்துவிட்டேன். நிமிர்ந்து பார்க்காதே, நான் அழுதுகொண்டிருப்பேன். முதலில் செருப்பைப் போடு. இன்று திங்கள், ஆட்டோ வாசலில் நிற்கிறது. திட்டுவதை ஆஸ்பத்திரி போகும் வழியில் வைத்துக்கொள்ளலாம்.