கிற்றாரோடு ஓடிய மாப்பிள்ளை

கிற்றார் வாசிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஊருக்கே கேட்கும்படி வாசிப்பவர்கள் ஒரு வகை. தங்களுக்கே கேட்டும் கேட்காமலும் வாசிப்பவர்கள் மற்ற வகை. நான் இரண்டாம் வகை. இந்த வகையால் எவருக்கும் தொல்லை வராது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு மத்தியானம் கல்லடிப் பாலத்தில் ஆமிக்காரர் முன்னால் செத்துப்போனது.

மெதுவாக வாசிக்கப் பழகியது யுத்த காலத்தில்தான். புளியந்தீவில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். பொழுது பட்டால் ஊர் வாயை மூடிவிடும். நாய் குரைத்தாலே வீட்டுக்காரர் விளக்கை அணைத்துவிடுவார். அந்த ஊரில் கிற்றாரை ஓங்கி அடிக்க எனக்கென்ன பைத்தியமா? நகம் படாமல், பெருவிரல் சதையால் மட்டும் கம்பியைத் தொட்டுப் பழகினேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது. நாடியைக் கிற்றாரின் மேல்விளிம்பில் வைத்துக்கொண்டால் சத்தம் காதால் வராது, தாடை எலும்பால் ஏறும். கம்பியில் விரல் வழுக்குவதுகூடக் கேட்கும். ஒரு சுரம் எந்த இடத்தில் முடிகிறது என்று தேடிக்கொண்டே ஒரு பின்னேரத்தைக் கழித்துவிடலாம். (நான் விஞ்ஞான ஆசிரியர், எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒலியும் அதிர்வும் படிப்பிக்கிறவன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

சுனாமிக்கு அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் குடிபோவது. வீடு பெண்ணுக்கு. மணப்பெண் சுகந்திக்கென்று கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது, அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். ஆகவே இந்த மாப்பிள்ளை மங்களகரமாகக் குடிபுகுந்தது ஒரு தற்காலிகத் தகரக் கொட்டிலுக்குள். ஒரே நீளமான தகரச் சுவர், அதை ஒட்டி வரிசையாகப் பல குடும்பங்கள். எங்களுடையது முதலாவது.

சுகந்தியைக் கடல் ஒரு தடவை இழுத்துப் பார்த்திருந்தது. அவளுடைய அம்மா, என் மாமிதான், அவளுடைய கையை விடாமல் பிடித்து, ஒரு தென்னையோடு ஒட்டிக்கொண்டு காப்பாற்றினார். கல்யாணம் முடிந்த கையோடு சுகந்தி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“திரும்பக் கடல் வந்தா என்ட கையப் பிடிச்சுக்கொண்டு ஓடுவீங்களா?”

“இதென்ன கேள்வி? உன்னத் தூக்கிக்கொண்டே ஓடுவன்!”

(சைக்கிளில் அரிசி மூட்டை ஏற்றவே நான் ஆள் தேடுகிறவன்.)

அந்த மத்தியானம் மாமியும் சுகந்தியும் பின்னால் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாயில் உட்கார்ந்து, கிற்றாரின் அடிப்பக்கத்தைத் தகரச் சுவரில் அழுத்திக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன். அடடா! தகரம் என் தோளோடு சேர்ந்து மெல்ல அதிர்ந்தது, மடியில் படுத்த பூனை மாதிரி. இத்தனை காலம் இந்தச் சுகம் தெரியாமல் இருந்துவிட்டேனே என்று ஆச்சரியப்பட்டேன். தடித்த கம்பியை இன்னும் தளர்த்தி, கண்ணை மூடி, பெருவிரலால் ஆறுதலாகத் தொட்டேன். ஒருதரம். இன்னொருதரம்.

வரிசையின் மற்றத் தொங்கலில், கடைசிக் கொட்டிலில், ஓர் அலறல் கேட்டது.

“கடல் இரையுது! கடல் வருகுது! ஓடுங்க!”

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்வதைவிட என் கால்களைக் கேட்பதுதான் சரி. கொட்டில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, சோற்றுக் கையோடு, ஒரு காலில் செருப்போடு சனம் பாலத்தை நோக்கி ஓடியது. எல்லாருக்கும் முன்னால் நான். வாழ்க்கையில் ஓட்டப்போட்டி எதிலும் வென்றிராத நான்!

“நவத்தன்ன!”

பாலத்துச் சோதனைச் சாவடியில் ஓர் ஆமிக்காரர் துவக்கை நீட்டிக்கொண்டு சிங்களத்தில் நிற்கச் சொன்னார். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் நெஞ்சோடு கிற்றார் இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் நீளமான சாமானொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவனைச் சங்கீதக்காரன் என்று எவரும் நினைக்கமாட்டார்கள்.

“சேர்... கிற்றார்... மியூசிக்...”

அவர் துவக்கை இறக்கவில்லை. வாசித்துக் காட்டு என்று விரலால் சைகை செய்தார். சாவடியின் தகரத்தில் கிற்றாரைச் சாய்த்து, பழக்கதோஷத்தில் மெதுவாக, அந்தத் தடித்த கம்பியைத் தொட்டேன்.

ம்ம்ம்ம்ம்...

“ஐயோ, வந்திட்டுது!” என்று சனம் மறுபடியும் ஓடியது. ஆமிக்காரர் துள்ளிக் கடற்பக்கம் திரும்பினார். நானும் இரண்டு எட்டு ஓடினேன். (ஓம், நானும்தான்.)

ஓடாமல் நின்றது ஒரே ஒருத்தி. மாமியின் கையைப் பிடித்தபடி, தலை அவிழ்ந்து, மூச்சிரைக்க வந்து சேர்ந்த சுகந்தி. என்னைப் பார்த்தாள். கிற்றாரைப் பார்த்தாள். பிறகு தகரத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

“இஞ்சருங்க, திரும்ப ஒருக்கா அடிங்க.”

மறுபடியும் தகரத்தில் சாய்த்து அடித்தேன்.

ம்ம்ம்ம்ம்.

ஓடிய சனம் நின்று திரும்பியது. அதிர்வு படிப்பிக்கிற வாத்தியார் வாயைத் திறந்தபடி நின்றேன். மாமி மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

“மருமகன், அப்ப கடல் நீங்கதானா?”

முதலில் சிரித்தது, தமிழ் தெரியாத அந்த ஆமிக்காரர். மண்மூட்டையில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு சனம் முழுவதும் சிரித்தது. சுகந்தி சிரிக்கவில்லை.

“கிற்றார் கையில இருக்கு. நான் எங்க இருந்தன்?”

கிற்றாரை எப்போது எடுத்தேன் என்றே எனக்குத் தெரியாது. குசினி எங்களுடைய கொட்டிலுக்குப் பின்னால்தான் இருந்தது, எட்டி ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அதுகூடச் செய்யாதவன் நான் என்பதை நம்ப முடியவில்லை. வெட்கத்தில் பாலத்துக்குக் கீழே வாவிக்குள் குதிக்கலாம்போல் இருந்தது. நீச்சல் தெரியாததால் குதிக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. பழைய அத்திவாரத்தின்மேல் கல்வீடு எழும்பியது. கூரைக்குத் தகரம் வேண்டாம், ஓடுதான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். ஆனாலும் கடல் கொஞ்சம் உரத்து இரைந்தால் போதும், மாமி உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: “மருமகன், அது நீங்களா, கடலா?”

பிறகு ஒருநாள் மெய்யாகவே எச்சரிக்கை வந்தது. எங்கேயோ பூமி அதிர்ந்ததாம். ஒலிபெருக்கியில் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். மாமி முதலில் என்னைத்தான் பார்த்தார்.

“மருமகன், இந்தமுறை நீங்க இல்லத்தானே?”

நான் பதில் சொல்ல நிற்கவில்லை. சுகந்தியின் கையைப் பிடித்தேன். அவளுடைய வளையல் உடைந்தது, நான் விடவில்லை. மாமியை முன்னால் விட்டு, பாலம்வரை அந்தக் கையை விடாமல் ஓடினேன். கடல் வரவில்லை. மூச்சு வந்ததும் பெருமையோடு திரும்பினேன்.

“பாத்தியா? விட்டனா?”

அவள் பேச முடியாமல் மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய மற்றக் கையில், கழுத்தில் பிடித்துத் தூக்கியபடி, என் கிற்றார்.

“நீங்க என்னத்தானே பிடிச்சுக்கொண்டு வந்தீங்க,” என்றாள். “அப்ப இத ஆர் தூக்குற?”