இருபத்தைந்தாவது கோப்பையும் அக்கா வீட்டு வாசலும்

பார்க் எக்ஸ்டென்ஷன்,
மொன்றியல்.
கார்த்திகை 9, 2025

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்கா சிவமலர் அவர்கள் அறிய, தம்பி அரியரத்தினம் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தாட்சாயினியும் மகள் நிரோஜாவும் இடுப்புக்கு மேலே நல்ல சுகம். இடுப்புக்குக் கீழே என் முழங்கால்கள் சுகமில்லை. அதன் காரணம் பின்னால் வருகிறது. அங்கு நீங்களும் அருளம்பலம் அத்தானும் முழுச் சுகமாக இருக்க எல்லாம் வல்ல முருகப்பெருமானை வேண்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரெலிபோனில், "வீடு வித்தாச்சு தம்பி, வாற முதலாம் திகதி வாங்கினவையிட்ட வீட்டுத் திறப்புக் குடுக்கிறம், பேந்து மகனோட கல்கரிக்குப் போறம்" என்று சொன்னீர்கள். நான் "ஓம், நல்லது" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது நல்லது இல்லை அக்கா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வைத்த பிறகு அரை மணித்தியாலம் குசினிக்குள் நின்றிருக்கிறேன். அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்து, புகைக்குக் கட்டிடம் முழுவதும் மணி அடித்து, மூன்று மாடிச் சனமும் சப்பாத்துப் போடாமல் தெருவுக்கு இறங்கி நின்றது. கீழ்வீட்டு யோசெப்பின் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊரில ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ அண்ணை?" என்று கேட்டா. நான் "ஸ்காபரோவில ஒரு வீட்டை வித்துப்போட்டினம்" என்றேன்.

அக்கா, நான் ஏன் முப்பத்தொரு வருடமாக உங்கள் வாசலை மிதிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் வெட்கத்தில் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியது 1993 வைகாசி. சாப்பாட்டுக்கடை ஒன்றில் கோப்பை கழுவும் வேலை. வந்து ஒரு மாதம் ஆகவில்லை, நகரமே தெருவுக்கு வந்துவிட்டது. கார்களெல்லாம் ஹோர்ன் அடிக்கின்றன, முகத்தில் சாயம் பூசியவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், பிறகு ஊர்வலம், சனக்கூட்டத்தின் நடுவே ஒரு பென்னாம்பெரிய வெள்ளிக் கோப்பை. எனக்குப் பக்கத்தில் கோப்பை கழுவிய கிரேக்கக் கிழவரிடம் இது என்ன விசயம் என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி, "எங்களுடைய ஹொக்கி அணி. இது இருபத்துநாலாவது!" என்றார். அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்லூரில் இருபத்துநாலாம் திருவிழா தேர். இருபத்தைந்தாம் திருவிழா தீர்த்தம். தேர் இழுத்து இருப்பிடத்துக்கு வந்துவிட்டால் அடுத்தது தீர்த்தம்தானே? தேரை இழுத்துவிட்டுத் தீர்த்தத்தை ஒத்திவைத்த கோயிலை நான் கேள்விப்பட்டதில்லை. அடுத்த வருடம் இருபத்தைந்தாவது வரும் என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகம் இருக்கவில்லை.

இப்படி நான் நம்பிக்கொண்டிருக்கும்போதுதான் உங்கள் கலியாணம் வந்தது. 1994 மாசி. உங்களுக்கு உடன்பிறந்த சகோதரன் நான் ஒருவன். மாப்பிள்ளையை வாசலில் வரவேற்று, காலைக் கழுவி, அவர் கையால் மோதிரம் போட்டுக்கொள்கிற தோழன் நான்தான் என்று கார்ட் அடிக்கிறபோதே முடிவு. வேட்டி, சால்வை எல்லாம் பெட்டியில். பஸ் ரொறன்ரோவுக்குப் பாதி வழியில், கிங்ஸ்ரன் தாண்டியதும் பனியில் நின்றுவிட்டது. சாரதி "பொறுமை, பொறுமை" என்று சொல்லிவிட்டு நித்திரையாகிவிட்டார். நான் மண்டபத்துக்குள் ஈரச் சப்பாத்தோடு ஓடி வந்தபோது நல்ல நேரம் தப்பிவிடும் என்று ஐயர் அவசரப்படுத்தி, பெரியப்பாவின் மகன் அருமைநாதனைத் தோழனாக நிறுத்தி எல்லாம் முடிந்திருந்தது. அவன் மோதிர விரலை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டு நின்றான். யாரிலும் பிழையில்லை அக்கா. இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. ஆனாலும் அன்றைக்கு அத்தான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அவர் என்னைச் சிரிக்க வைக்கிறேன் என்று நினைத்து, "வா மச்சான், உங்கட மொன்றியல்காரர் கப் தூக்கத்தான் நேரத்துக்கு வருவினம் போல" என்றார். மண்டபம் சிரித்தது. எனக்குத் தலைக்குள் ஏறிவிட்டது.

"ஓம் அத்தான். மொன்றியல் அடுத்த கப் தூக்கட்டும். அதுவரைக்கும் உங்கட வீட்டு வாசலை நான் மிதிச்சா என்ரை பேர் அரியரத்தினம் இல்லை!"

நீங்கள் மணவறையில் இருந்தபடியே, "அப்ப நானும் அவன் வராமல் அவன்ரை வாசலுக்குப் போகமாட்டன்" என்று சொன்னதும் எனக்குக் கேட்டது. நீங்களும் அப்பாவின் பிள்ளைதானே.

இப்போது பாருங்கள். அது நாலு மாதக் கோபம் அக்கா. மாசியில் தொடங்கி ஆனியில் முடிகிற, அளவெடுத்துத் தைத்த கோபம். ஆனியில் கோப்பை வரும், நான் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்து இறங்குவேன், அத்தான் பகிடி விடுவார், நீங்கள் அழுவீர்கள், எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். இதுதான் என் திட்டம். சித்திரையிலேயே முதற்சுற்றில் தோற்று வெளியே வந்தார்கள். சரி, அடுத்த வருடம் என்று இருந்தேன். அடுத்த வருடம் முதற்சுற்றுக்கே போகவில்லை. அதற்கடுத்த வருடம் பழைய அரங்கத்தையே மூடிவிட்டு வேறு அரங்கத்துக்குப் போய்விட்டார்கள். கோப்பைக்கு விலாசம் தெரியாமல் போய்விட்டதோ என்று நான் உண்மையாகவே யோசித்திருக்கிறேன்.

அம்மாவை நீங்கள் 2001இல் ஊரிலிருந்து இங்கு எடுப்பித்தீர்கள். எட்டு வருடம் அம்மா உங்கள் வீட்டில் இருந்தா. நான் வருடத்தில் இரண்டு முறை ஆறு மணித்தியாலம் கார் ஓடி வந்து, உங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் காரை நிறுத்திவிட்டு, அம்மாவை இறக்கி விடச் சொல்லி, காருக்குள் வைத்துக் கதைத்துவிட்டுத் திரும்பினேன். நீங்கள் யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பது தெரியும். நான் பார்க்காததுபோல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உந்தக் கப்பைக் கடையில வாங்கேலாதோ தம்பி?" என்று கேட்டா. நான் சிரித்துவிட்டேன். திரும்பி வரும் வழியில் கார் ஓட்ட முடியாமல் ஓரத்தில் நிறுத்தினேன். அம்மா போனபோதும் மண்டபத்துக்கும் சுடலைக்கும் வந்தேனே தவிர வீட்டுக்கு வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே மன்னிக்கமாட்டேன்.

நான் முயற்சி செய்யவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். 2015இல் எங்கள் கோல்காப்பாளர் ஒருவரே அந்த வருடத்தின் சிறந்த வீரர் விருதையும் சிறந்த கோல்காப்பாளர் விருதையும் சேர்த்து எடுத்தார். கோயில் ஐயரிடம் போய் இரண்டு விருதைச் சேர்த்து ஒரு கோப்பையாகக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஹொக்கி இல்லை என்றார். 2021இல் முதற்சுற்றில் அத்தானின் ரொறன்ரோவையே விழுத்தி, இறுதிப்போட்டி வரைக்கும் வந்துவிட்டார்கள்! தாட்சாயினி பயற்றம் பணியாரம் இரண்டு வாளி சுட்டாள். நான் புது வேட்டி வாங்கினேன். தாட்சாயினி ரிவிக்கு முன்னால் வந்தால் எதிராளி கோல் அடிக்கிறான் என்று கண்டுபிடித்து அவளைக் குளியலறைக்குள் இருத்தினேன். அவளும் பாவம், எட்டிப் பார்க்காமல் உள்ளே இருந்து "என்ன மாதிரி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐந்தாவது ஆட்டத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு வாளி பணியாரத்தையும் நாங்களே ஒரு மாதம் சாப்பிட்டோம்.

இந்த வருடம் பெண்கள் அணி புள்ளிப் பட்டியலில் முதலாவதாக வந்தது. பெண்கள் என்றாலும் மொன்றியல் மொன்றியல்தானே என்று மனத்தைத் தேற்றி, பெட்டியைக்கூடக் கீழே இறக்கினேன். அரையிறுதியில் தோற்றுவிட்டார்கள். ஆனியில் எங்கள் பொடியன் ஒருவனுக்குச் சிறந்த புதுமுக வீரர் விருது கிடைத்தது. யோசெப்பினிடம் அபிப்பிராயம் கேட்டேன். அவ வேலை செய்கிற கார்டரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், மூன்று வயதுப் பிள்ளைகள்கூட அந்த அணியின் சட்டைதான் போட்டிருக்கும், ஆகவே அவவுக்கு விசயம் தெரியும். "கப் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு வேற விருதைக் காட்டிப் பேய்க்காட்டலாமோ அண்ணை? சூசையப்பரிட்டக் கேளுங்கோ" என்றா. கேட்கத்தான் போனேன். மலையில் இருக்கிற சூசையப்பர் தேவாலயத்துக்கு முழங்காலில் ஏறுகிற மரப்படி தொண்ணூற்றொன்பது. முருகனுக்குக் காவடி எடுத்த எனக்கு இது எம்மாத்திரம் என்று தொடங்கினேன். நாற்பத்தோராவது படியில் முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. மேலேயும் போகமுடியவில்லை, கீழேயும் இறங்கமுடியவில்லை. பக்கத்துப் படியில் என் வயதுக்காரர் ஒருவர், கியூபெக்காரர், என்ன வருத்தம் என்று பிரெஞ்சில் இரக்கமாகக் கேட்டார். நான் அணியின் பெயரைச் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, "முவா ஒசி" என்றார். அவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார்! இரண்டு பேரையும் காவலாளி வந்துதான் தூக்கி இறக்கினார். முழங்கால் கதை இதுதான்.

அக்கா, இனிச் சொல்லுகிறேன். நான் உங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை, ஆனால் எனக்கு உங்கள் வீடு தெரியும். நீங்கள் அனுப்பிய படங்களில் மனிதர்களுக்குப் பின்னால் இருப்பதைத்தான் நான் பார்ப்பேன். மகனின் முதலாவது பிறந்தநாளில் சுவர் மஞ்சள், பிறகு வெள்ளை. சாமித்தட்டு வரவேற்பறையின் மூலையில். படிக்கட்டுக்குக் கீழே தையல் மெசின். ஆனால் குசினி வலது பக்கமா இடது பக்கமா என்பது முப்பத்தொரு வருடமாகப் பிடிபடவில்லை. எந்தப் படத்திலும் அந்தக் கதவின் பாதிதான் விழுந்திருக்கிறது. சில நாளில் படுத்துக் கிடந்து உங்கள் வாசலால் நுழைந்து நடப்பேன். அந்தக் கதவு வந்ததும் நின்றுவிடுவேன். எனக்கு அந்தக் கதவுக்கு அங்கால் போகவேண்டும். அங்கே நீங்கள் நிற்கவேண்டும்.

ஆகவே என் பணிவான விண்ணப்பம்: திறப்புக் கொடுப்பதை வருகிற ஆனி மாதம் வரை தள்ளிவையுங்கள். இந்த வருடம் அணி நல்லாய் விளையாடுகிறது, இளம் பொடியள், காலில் வேகம் இருக்கிறது. தள்ள முடியாது என்றால், வாங்குகிறவரோடு எழுதும் உறுதிப் பத்திரத்தில், மொன்றியலிலிருந்து அரியரத்தினம் என்பவர் கோப்பை வென்ற அடுத்த நாள் வந்து ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கல்கரிக்கு நான் வரமுடியாது. காதுக்குள் சத்திரசிகிச்சை செய்தபின் விமானம் ஏறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார், காரில் நாலு நாள் ஓட இந்த முழங்கால் விடாது. சத்தியத்தை மீறவும் முடியாது. அத்தான் சிரிப்பார். அவருடைய ரொறன்ரோ கடைசியாகக் கோப்பை எடுத்தது 1967 என்பதை அவருக்கு என் அன்போடு ஞாபகப்படுத்தவும்.

உங்களுக்கும் அத்தானுக்கும் நீண்ட ஆயுளும், புது இடத்தில் வழுக்காத படிக்கட்டும், நல்ல மரக்கறிக் கடையும், சொல்வழி கேட்கும் மருமகளும் வாய்க்க வேண்டுமென்று வேலவன் பாதம் பணிந்து இக்கடிதத்தை முடித்துக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் சொல்லுக்கு அடங்கிய தம்பி,
க. அரியரத்தினம்

பின்குறிப்பு: கடிதத்தைத் தாட்சாயினியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் கண்ணாடி போட்டு முழுக்க வாசித்துவிட்டு, "அவங்கள் முப்பத்தொரு வருசமாத் தோக்கிறாங்கள், சரி. நீங்கள் ஏன் கூடச் சேந்து தோக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு மா அரிக்கப் போய்விட்டாள். நான் பெட்டியைத் திரும்பவும் கீழே இறக்கினேன். நிரோஜா தபாலில் போட்டால் ஒரு கிழமையாகும் என்கிறாள். அவ்வளவு நாளை இனி நான் யாருக்கும் கொடுக்கிறதாக இல்லை. நாளைக்குக் காலமை பஸ்ஸில வெளிக்கிடுறன். பேரை வேணுமெண்டா மாத்துறன் அக்கா. கப்பை அவங்கள் ஆறுதலா எடுக்கட்டும். இந்தக் கடிதத்தைக் கையிலதான் தருவன். நீ இதை வாசிக்கேக்கை நான் உனக்கு முன்னாலதான் நிப்பன். வாசிச்சு முடிஞ்ச உடனை நீ ஏதாவது கதை, என்னைப் பேசினாலும் பரவாயில்லை. நான் முதல்ல வாய் திறந்தா அழுதுபோடுவன்.