கணுக்காலில் நாலு வெனிலா கப்

கல்யாணத்துக்கு முந்தின நாள் எந்த மாப்பிள்ளையும் வாலிபால் ஆடக் கூடாது. நான் ஆடினேன். மார்க்கையன்கோட்டை மைதானத்தில் நண்பர்கள், "புது மாப்பிள்ளை, ஒரு அடி அடிப்பா!" என்று உசுப்பேற்ற, எகிறிக் குதித்தேன். இறங்கும்போது கணுக்கால் மடங்கியது. (பந்து வலையைத் தாண்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

எனக்கு நிச்சயித்திருந்த மீனா தேனியில் பிசியோதெரபிஸ்ட். ஒரு போன் போட்டிருக்கலாம். தாலி கட்டும் முன்பே பேஷண்ட் ஆவதா என்று ஒரு வீறாப்பு.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டிச் சுடச்சுட ஒத்தடம் கொடுத்தார். பெரியப்பா தைலத்தை ஊற்றி, "சுளுக்குதானப்பா, உருவிவிட்டாச் சரியாப் போகும்" என்று முழு பலத்தோடு உருவினார். விடிந்தபோது கால் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

தேனி மண்டபத்தில் நான் மேடைப் படி ஏறிய அழகை மீனாவின் தாய்மாமன் பார்த்துவிட்டார்.

"ஏப்பா, மாப்பிள்ளை காலை இழுக்குறாரு! ஊனத்தை மறைச்சுல்ல பேசி முடிச்சிருக்காக. மேளத்த நிறுத்துங்க!"

மேளம் நின்றது. அம்மா அழ ஆரம்பித்தார். கல்யாணம் போச்சு என்று நிஜமாகவே பயந்தேன்.

மீனா மணையை விட்டு எழுந்து வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். கணுக்கால் எலும்பை அங்கங்கே அழுத்திப் பார்த்தாள். நாலடி நடக்கச் சொன்னாள். நொண்டிக்கொண்டே நடந்தேன்.

"ஊனமெல்லாம் இல்ல மாமா. எலும்பு முறிஞ்ச மாதிரியும் தெரியல, தசைநார்தான் இழுபட்டிருக்கு. எதுக்கும் சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்துருவோம். ஆமா, இதுக்கு யாரு சூடு வச்சது?"

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பந்தல் தோரணத்தைப் பார்த்தார்.

"அடிபட்ட ரெண்டு நாளைக்குச் சூடு ஆகாது அத்தை, உருவவும் கூடாது. வீக்கம்தான் கூடும். மாமா, பந்திக்கு வந்த ஐஸ்கிரீம் பெட்டியைத் தூக்கிட்டு வாங்க."

மேளத்தை நிறுத்திய மாமாவே பெட்டியைச் சுமந்து வந்தார். மீனா நாலு வெனிலா கப்பை ஈரத் துண்டில் சுற்றி வீக்கத்தின் மேல் வைத்தாள். காலைத் தலையணை போட்டு உயர்த்தினாள். கால் மணி நேரம் கழித்து, என் பட்டு அங்கவஸ்திரத்தை மடித்து, ரொம்ப இறுக்காமல் கட்டுப் போட்டாள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல நேரம் முடியும் முன், காலை முக்காலியில் நீட்டியபடியே தாலி கட்டினேன்.

கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்திலும் என் முகத்துக்கு முன்னால் என் கால்தான் தெரியும். கடைசிப் பந்தியில் ஐஸ்கிரீம் கிடைக்காத நாலு பேரில் தாய்மாமனும் ஒருவர். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

போன வாரம் வீட்டுக்கு ஐஸ்கிரீம் வாங்கிப் போனேன். எங்கள் மகள் டப்பாவைத் திறக்காமல் மீனாவிடம் கேட்டாள்: "அம்மா, இது நமக்கா, அப்பா காலுக்கா?"