ஓட்டாத காருக்கு எதற்குப் பிரேக் ஆயில்?

தன் காருக்கு அடியில் ஒரு கோழி அடைகாத்தது என்பதற்காக இருபத்தோரு நாள் காரை அசைக்காமல் வைத்திருந்தவர், போடி ஏலக்காய் வியாபாரி ஜக்கையன். அது அடுத்த வீட்டுக் கோழி. யாருக்கும் சொல்லாமல் பக்கத்தில் கம்பும் தண்ணீரும் வைத்தார். அப்பேர்ப்பட்ட மனசு. ஆனால், இருபத்திரண்டாம் நாளும் கார் நகரவில்லை என்பதை மெக்கானிக் சுருளி கவனித்தான். அறுபதாம் நாளும் நகரவில்லை.

‘ஓட்டாத கார்க்காரர்’ என்னும் இனம் இதுதான். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், அடையாளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிதோறும் காரைக் குளிப்பாட்டுவார், துவட்டுவார், சந்தனம் குங்குமம் வைப்பார். ஞாயிறு காலையில் ஸ்டார்ட் செய்து, கச்சேரி கேட்பதுபோலக் கண்ணை மூடி எஞ்சின் சத்தத்தை ரசித்து, நாலு வீட்டுக்கும் கேட்டதா என்று எட்டிப் பார்த்து, அணைத்து, போர்வை போர்த்திவிட்டுப் போவார். ஓட்டுவாரா? ஆயுத பூசையன்று பெட்ரோல் பங்க் வரைக்கும். அவ்வளவுதான்.

அந்த ஜக்கையன், பேத்தியின் காதுகுத்துக்கு மனைவி ஆயம்மாளோடு அதே பழைய பியட் காரில் மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்குப் போகப்போவதாகச் சொன்னதும் சுருளி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். ஏறிவிடலாம். திரும்பி வரும்போது பதினேழு கொண்டை ஊசி வளைவில் இறங்க வேண்டுமே!

“அண்ணே, பிரேக் ஆயில் மாத்தி எத்தன வருசம்ணே ஆச்சு?”

“எதுக்கு அப்பு மாத்தணும்? ஓட்டுனாத்தான கெடும்! வருசத்துக்கு நாலு கிலோமீட்டரு.”

“வண்டி ஓடுதா நிக்குதான்னு ஆயிலுக்குத் தெரியாதுண்ணே. அதுபாட்டுக்கு ஈரத்தக் குடிக்கும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும். இல்லாட்டி இறக்கத்துல சூடேறி, அந்தத் தண்ணி கொதிச்சு, மிதிச்சா பெடலு சும்மா உள்ள போயிரும்.”

“ஒனக்குச் சோலி வேணும். அதான் இழுக்குற.”

“அப்ப ஏலக்காய மட்டும் எதுக்குண்ணே பாலிதீன் பையில இறுக்கிக் கட்டுறீக? அது எங்க ஓடுச்சு?”

உள்ளேயிருந்து ஆயம்மாள் சிரித்தார். ஜக்கையன் சிரிக்கவில்லை. பிரேக் ஆயிலுக்குப் பதிலாக வண்டிக்குப் பூசை போட ஏற்பாடு செய்தார்.

புதன்கிழமை பூசாரி மொக்கச்சாமி வந்தார். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சை. கற்பூரத் தட்டோடு பூசாரி காருக்கு முன்னால் நிற்க, ஜக்கையன் பயபக்தியோடு ஹேண்ட்பிரேக்கை எடுத்தார். எலுமிச்சை நசுங்கியது. கார் தெருச் சரிவில் மெல்ல உருண்டது. பிரேக்கை மிதித்தார். சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போயிற்று.

“போதும் சாமி, நிப்பாட்டுங்க!” என்று பின்னோக்கி நடந்தார் பூசாரி. கார் விடவில்லை. தட்டை ஆட்டியபடியே அவர் பின்வாங்க, அது பணிவாகத் தொடர்ந்தது. வாசல்களில் நின்ற பெண்கள், வண்டியில் அம்மன் இறங்கிவிட்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் பூசாரி உட்கார்ந்தார். கார் அதில் மூக்கைக் குத்தி நின்றது. கற்பூரம் மட்டும் அணையவில்லை. தாயே, அது உன் கருணை!

சுருளி ஆயிலை இறக்கினான். கருப்பட்டிக் காப்பி நிறம். குடித்த ஈரத்தில் சிலிண்டர் துருப்பிடித்து ஆயில் கசிந்திருந்தது; அதனால்தான் சூடேறாமலே பெடல் உள்ளே போயிற்று. எல்லாவற்றையும் மாற்றி, பளபளவென்று புது ஆயில் ஊற்றினான்.

சிரிக்கிறீர்களா? உங்கள் வண்டி ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா? அலமாரியிலுள்ள காய்ச்சல் மாத்திரையில் என்ன தேதி போட்டிருக்கிறது? ‘தொடவேயில்லையே, எப்படிக் கெடும்?’ என்று மனசுக்குள் முனகினீர்களே, அந்தச் சத்தம் இங்கே வரை கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டில் சீர்த் தட்டோடு ஜக்கையனும் ஆயம்மாளும் நிற்பதைப் பார்த்துச் சுருளி பதறி ஓடினான்.

“என்னண்ணே, திரும்பவும் பிரேக்கு போச்சா?”

“சேச்சே! சும்மா கல்லு மாதிரி நிக்குது.” பஸ்சில் ஏறி, சன்னல் வழியாகத் தலையை நீட்டினார் ஜக்கையன். “புது ஆயிலு அப்பு. அத ஓட்டி வீணாக்கச் சொல்றியா?”